மேலத்தெரு வழியாக வந்த சீர்

பாய்,

இன்று காலை பள்ளிக்கூடத்தைத் திறந்தவுடன் புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. நேற்று இந்த வருஷச் சீரில் வந்த நாற்காலிகள். சுற்றியிருந்த கவரைக்கூடப் பிரிக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றாம் வகுப்பில் அடுக்கிவிட்டுப் போயிருந்தோம். ஜன்னல் சாத்திய அறைக்குள் கிடந்து வாசனை நன்றாக ஊறிப்போயிருந்தது. மற்றவர்களுக்கு அது தலைவலி வரவழைக்கும் வாசனை. எனக்கோ உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. ஜன்னலைத் திறக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். சத்துணவு சமைக்கிற அக்கா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், காலங்காத்தால தனியாச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிரிக்காமல் என்ன செய்வது? நாம் இரண்டு பேரும் முதன்முதலில் பேசிக்கொண்டதே சண்டையில்தானே.

நான் இந்த ஊர்த் தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியையாக மாற்றலாகி வந்த புதிது. அறந்தாங்கியில் டவுன் பஸ் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினால், பள்ளி வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் வேன். டவுன் மெட்ரிக் பள்ளியின் வேன். நீங்கள் அதை முன்னால் பின்னால் இழுத்து இழுத்துத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே டை கட்டி ஷூ போட்ட மேலத்தெருப் பிள்ளைகள். வெளியே, தங்கள் பள்ளிக்குள்ளேயே நுழைய வழியில்லாமல், செருப்பில்லாத காலோடு என் பிள்ளைகள். அவர்கள் இவர்களைப் பார்க்க, இவர்கள் அவர்களைப் பார்க்க, நடுவில் வேன் கண்ணாடி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரத்தானே செய்யும்?

"ஏங்க, ஒங்க வண்டி திரும்புறதுக்கு எங்க பள்ளிக்கூட வாசல்தான் கெடச்சுச்சா?" என்று கத்தினேன்.

நீங்கள் தலையை வெளியே நீட்டினீர்கள். நரைக்கத் தொடங்கிய தாடி, தலையில் வெள்ளைத் தொப்பி, வாய் கொள்ளாத சிரிப்பு. "கோவிச்சுக்காதீங்க டீச்சர். இந்த ஊர்ல மத்தவுகல்லாம் ரோட்டுல படி வச்சுக் கட்டிப்புட்டாக. வண்டி திரும்ப எடம் விட்டு வச்சிருக்கது கவர்மெண்டு மட்டுந்தான்."

"எம் புள்ளைகள ஏத்திக்கிட்டுப் போறதுக்கு எங்க வாசல்லயே வந்து நிக்கிறீங்களே, இது நியாயமா?"

"நானா ஏத்துறேன்? அவுகவுக அம்மா ஏத்திவிடுறாக. நான் ஓட்டுறேன். நாளைக்கே ஏத்தலைன்னா காலி வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

நான் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டேன். அன்று முழுவதும் மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே பாடம் நடத்தினேன். மறுநாள் காலையில் வேன் கொஞ்சம் தள்ளி நின்றது. என் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே நுழைகிறவரை காத்திருந்து, அப்புறம்தான் திருப்பினீர்கள். "டீச்சர், இன்னைக்குத் திட்டு இல்லையா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போனீர்கள். சவுதியில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர், மேலத்தெருவிலேயே வீடு, கடைசி மகள் அதே வேனில் போகிறாள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

இந்த ஊரின் கணக்கைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. மேலத்தெருவில் வெளிநாட்டுச் சம்பாத்தியமும் கொஞ்சம் நிலபுலனும் உள்ள குடும்பங்கள். இந்துக்களும் உண்டு, உங்களைப் போல முஸ்லிம்களும் உண்டு. வேனுக்கு மட்டும் எல்லாரும் ஒரே சாதி. கண்மாய்க்கு அந்தப் பக்கம் கீழத்தெரு. கூலி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள். ஒரு காலத்தில் இரண்டு தெருப் பிள்ளைகளும் இந்தப் பள்ளியில்தான் படித்தார்களாம். வேன் வந்தது, மேலத்தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறிப்போனார்கள். மிச்சம் கீழத்தெருப் பிள்ளைகள்தான். பள்ளி நிற்பது மேலத்தெருவின் தலைமாட்டில், ஆனால் அதற்குப் பெயர் "கீழத்தெருப் பள்ளிக்கூடம்" என்று ஆகிவிட்டது. அந்தப் பெயர் வந்த பிறகு, வேனுக்குப் பணம் கட்ட முடியாத ஒன்றிரண்டு மேலத்தெருக் குடும்பங்கள்கூடக் கடன் வாங்கிப் பிள்ளையை வேனில் ஏற்றின. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிள்ளைகள் எண்ணிக்கை குறையக் குறைய கல்வி அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. "ஊர்க்காரங்களுக்கே வேணாம்னா நாங்க என்ன பண்றது டீச்சர்? அடுத்த வருசச் சேர்க்கையப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார்.

பக்கத்து ஊர் என்றால் மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும். மணல் லாரியும் மீன் லாரியும் பறக்கிற ரோடு. ஆறு வயசுப் பிள்ளையை எந்த ஆத்தா தனியாக அனுப்புவாள்? கூட்டிக்கொண்டு போய் விடலாம் என்றால், கூலி வேலைக்குப் போகிறவளுக்கு ஏது நேரம்? ஒரு மாதம் போவார்கள், அப்புறம் வீட்டில் ஆட்டுக்குட்டியோடு நின்றுவிடுவார்கள். ஷூ போட்ட பிள்ளைக்கு வீட்டு வாசலுக்கே வண்டி வருகிறது, செருப்பில்லாத பிள்ளைக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற பள்ளியும் போகப்போகிறது. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். வந்தது எல்லாம் கீழத்தெரு அம்மாக்கள். அதில் மாரிக்கண்ணு எழுந்து நின்றாள். உங்களுக்குத்தான் தெரியுமே, அவள் எழுந்தால் இலேசில் உட்கார மாட்டாள். மகள் வள்ளி இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு யாரு சொன்னா? எங்களுக்கு வேணுமே. வேணும்னு எப்புடிக் காட்டுறது, அதச் சொல்லுங்க."

நான் யோசிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். சுற்று வட்டாரத்தில் பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்குக் கல்விச் சீர் கொண்டு போகிறார்களே, தாய்மாமன் சீர் மாதிரி கொட்டுமேளத்தோடு, தட்டுத் தட்டாக, நாற்காலியும் கடிகாரமும் பழமும் பூவுமாக. இந்த ஊரில்தான் இதுவரை ஒருவரும் கொண்டு வந்ததில்லை. "நாங்க கொண்டாரோம் டீச்சர். ஆளுக்கு ஒரு தட்டு. வீட்டுக்கு ஒரு சாமான். எங்க புள்ளைக படிக்கிற எடத்துக்கு நாங்கதானே தாய்மாமன்." அம்மாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி பலாப்பழம் என்றாள், ஒருத்தி வாளியும் குடமும் என்றாள், இன்னொருத்தி, "உலக உருண்டை ஒண்ணு வாங்குவோம்டி, இந்த டீச்சர் பூசணிக்காய வச்சுல்ல உலகங் காட்டுறாக" என்று என் மானத்தை வாங்கினாள்.

சிக்கல் எங்கே வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழத்தெருவிலிருந்து பள்ளிக்கு நேர்வழி மேலத்தெரு. நடந்து போக யாரும் தடுத்ததில்லை. ஆனால் கொட்டோடு, சீர்த்தட்டோடு கீழத்தெரு ஆட்கள் அந்தத் தெரு வழியாக வந்ததே இல்லை. கல்யாணமானாலும் சரி, சடங்கானாலும் சரி, கண்மாய்க்கரையைச் சுற்றித்தான் ஊர்வலம் போகும். பஞ்சாயத்து முன்னாள் தலைவர் எனக்கு ஆள் விட்டு, அப்புறம் தானே நேரில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சீரு கொண்டாரட்டும் டீச்சர், நல்ல காரியம். யாரு வேணாம்னா? கண்மாய்க்கர வழியா வந்துட்டுப் போகட்டும். கொட்டோட இங்கிட்டு வார வழக்கம் இல்லையே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வாயைத் திறந்தால் அரசாங்க வேலை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாரிக்கண்ணுவிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. "கரையச் சுத்தி ஒளிஞ்சு ஒளிஞ்சு கொண்டாந்தா அதுக்குப் பேரு சீரா டீச்சர்? ஊருக்குத் தெரியணும்னுதானே கொண்டாரோம்" என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமை காலை, மேலத்தெரு வழியாகத்தான் என்று முடிவாகிவிட்டது. நடப்பது நடக்கட்டும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேனைத் திருப்பிக்கொண்டே நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "நாளைக்கு எத்தன மணிக்கு டீச்சர் சீரு?"

"ஒங்களுக்கு எதுக்கு?"

"சும்மாதான். வண்டி திருப்ப எடம் வேணுமில்ல."

"நாளைக்குச் சனிக்கிழமை. ஒங்க பள்ளிக்கூடத்துக்கு லீவு."

"அட, ஆமால்ல" என்று நெற்றியைத் தட்டிக்கொண்டு போனீர்கள். இந்த மனுஷனுக்கு எப்போதும் விளையாட்டுத்தான் என்று எரிச்சலோடு பஸ் ஏறினேன்.

மறுநாள் வாசலில் கோலம் போட்டு, ஆரத்தித் தட்டு, சந்தனம், பன்னீரெல்லாம் எடுத்து வைத்து நின்றேன். சீர் வாங்குகிறவர் வாசலைவிட்டு நகரக்கூடாது என்று சத்துணவு அக்கா சொல்லிவிட்டார். தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது. நெருங்கி வந்தது. தெருமுனையில் சட்டென்று நின்றுபோனது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், சத்தமே இல்லை. யாரால் நிற்க முடியும்? தட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்குள் ஓடினேன்.

தெருமுனையில் கீழத்தெருவே திரண்டு நின்றது. மாரிக்கண்ணு தலையில் பலாப்பழம், பக்கத்தில் நின்றவள் தட்டில் உலக உருண்டை, வள்ளி கையில் பூச்சரம். கொட்டுக்காரர்கள் மட்டும் குச்சியை இறக்கிவிட்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே, தன் வீட்டு வாசலில் முன்னாள் தலைவர், வேட்டியை மடித்துக் கட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பின்னால் நாலைந்து பேர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாம் நின்றுபோயிருந்தது.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து உங்கள் மஞ்சள் வேன் ஊர்ந்து வந்தது. அத்தனை வருஷத்தில் அந்த வேன் கீழத்தெருவுக்குள் போய் யாரும் பார்த்ததில்லை. இருக்கையெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் டிரம், வாழைத்தார். தலையில் தூக்க முடியாத சாமானையெல்லாம் நீங்கள் ஏற்றிக்கொண்டு வந்திருந்தீர்கள். பெண்கள் ஒதுங்கி வழிவிட, வேன் முன்னால் வந்தது. மேலத்தெருவுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் ஹாரனை அடித்தீர்கள் பாருங்கள்!

தினமும் காலையில் அடிக்கிற அதே ஹாரன். வீட்டுக்கு ஒரு தடவை, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

மேலத்தெருவே அலறி அடித்துக்கொண்டு வெளியே வந்தது. பாதித் தலை பின்னிய அம்மாக்கள், வாயில் பிரஷ் வைத்த பிள்ளைகள், ஒரு கால் ஷூவோடு நொண்டிக்கொண்டு ஒருவன். "ஸ்பெஷல் கிளாசா? குரூப்புல மெசேஜே வரலையேடி!" என்று ஒருத்தி. "பாய், ஒரு நிமிசம் நில்லுங்க, டிபன் கட்டல!" என்று இன்னொருத்தி. அவசர அவசரமாகச் சீருடையை மாட்டி, பையைத் தோளில் போட்டுப் பிள்ளைகளைத் தெருவில் தள்ளிவிட்டார்கள். நீங்களோ நிறுத்தவும் இல்லை, வேகமாகப் போகவும் இல்லை. மாட்டு வண்டி வேகத்தில் நகர்த்திக்கொண்டே போனீர்கள். பிள்ளைகள் ஏறுவதற்காகப் பின்னால் ஓடினார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளே நாற்காலி அல்லவா உட்கார்ந்திருக்கிறது! ஆகவே ஓடிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக் கொட்டுக்காரர்களுக்கு என்ன தோன்றியதோ, வழி திறந்துவிட்டது என்று நினைத்துப் படீரென்று அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவுதான். வேனுக்கும் கொட்டுக்கும் நடுவில் டை கட்டிய பிள்ளைகள், பின்னால் சீர்த்தட்டோடு கீழத்தெரு, அதற்கும் பின்னால் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மேலத்தெரு அம்மாக்கள். நான் நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தலைவர் வீட்டுப் பேத்தியும் புத்தகப் பையோடு ஓடி வந்திருந்தாள். வேன் ஏறுவதை மறந்து உலக உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, சுத்துமா இது? நான் தூக்கிட்டு வரட்டா?" என்று கேட்டாள். தட்டை வைத்திருந்தவள் அதை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டாள். குழந்தை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. தாத்தாவுக்கு நேர் எதிரே.

"தாத்தா, வா வா! எல்லாரும் போறாக, நீயும் வா!"

அவர் பேத்தியைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். தெரு முழுவதையும் பார்த்தார். யாரைத் தடுப்பது? கட்டியிருந்த கையை இறக்கினார். அப்புறம், பாய், மடித்துக் கட்டியிருந்த வேட்டியையும் இறக்கிவிட்டார். வாசலைவிட்டு இறங்கி, பேத்தி தட்டைக் கீழே போட்டுவிடாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு கூடவே நடந்தார். பின்னால் நின்ற நாலைந்து பேரும் அவரோடு நடந்தார்கள். மாரிக்கண்ணு பலாப்பழத்தோடு அவரைக் கடந்து போனபோது ஒரு குலவை போட்டாள். அது கண்மாய் தாண்டிக் கேட்டிருக்கும்.

கீழத்தெருவுக்கு மட்டும் காய்ச்சிய பாயசம் இரண்டு தெருவுக்கும் பத்தாமல், சத்துணவு அக்கா என்னைத் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றி ஊற்றி நீட்டினார். தேநீர் மாதிரி இருந்த அந்தப் பாயசத்தை எல்லாரும் குடித்தார்கள். நீங்கள் மட்டும் வேனை விட்டு இறங்கவே இல்லை. "உள்ளுக்குள்ள என்ன ஒளிஞ்சுக்கிட்டு? எறங்கி வாங்க" என்று கூப்பிட்டேன்.

"எறங்கமாட்டேன் டீச்சர். எறங்குனா நானும் சீருக்கு வந்தேன்னு ஆயிரும். உள்ளயே இருந்தா, வண்டியக் கழுவப் போனேன், வழியில கூட்டத்துல மாட்டிக்கிட்டேன்னு எங்க பள்ளிக்கூடத் தாளாளர்கிட்டச் சொல்லிக்கலாம்."

"அப்ப ஹாரன் எதுக்கு அடிச்சீங்க?"

"பழக்கதோசம் டீச்சர். அந்தத் தெருவுக்குள்ள நொழஞ்சா கை தானா அங்கிட்டுப் போயிருது." முகத்தை எவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொண்டீர்கள்! அதற்கப்புறம் எத்தனை தடவை மாற்றி மாற்றிக் கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட வேறு பதில் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பாயசத்தை வாங்கிக் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்று குறை வேறு சொன்னீர்கள்.

தாளாளர் நீங்கள் சொன்ன கதையை நம்பவில்லை. திங்கட்கிழமையே சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு மனசு கேட்காமல் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீங்கள் நிம்மதியாகக் கட்டிலில் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். "ஒட்டகமும் மணலுமா பாலைவனத்துல ஓட்டுனவனுக்கு இந்த அறந்தாங்கி ரோட்டுல வேலை கெடைக்காதா டீச்சர்?" என்றீர்கள். உங்கள் மனைவி அடுப்படியிலிருந்து, "கெடைக்கும் கெடைக்கும், அதுவரைக்கும் பாயசத்தையே குடிச்சுக்கிட்டு இருங்க" என்று குரல் கொடுத்தார். அந்த வாரம் வந்த புது டிரைவர் எங்கள் வாசலில் திருப்பத் தெரியாமல் பின்சக்கரத்தைச் சாக்கடையில் இறக்கினார். அடுத்த நாளும் இறக்கினார். தூக்கிவிட்டது யார் என்கிறீர்கள்? கீழத்தெரு ஆட்கள்தான். தாளாளர் தானே வண்டியில் வந்து உங்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வாசலில் நின்று கைதட்டினேன், தலைமையாசிரியை என்பதையும் மறந்து.

ஆனால் அதற்குள் நீங்கள் இன்னொன்று செய்துவிட்டீர்கள். சாவி இல்லாத அந்த வாரத்தில் மகளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து இரண்டாம் வகுப்பில் சேர்த்தீர்கள். டவுன் பள்ளிக்கூடம் கோபித்துக்கொண்டதால் வேறு வழியில்லாமல் சேர்க்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். சாவி திரும்பி வந்த பிறகு, "இனிமே பழையபடி வேன்லதானே?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இவ நடந்து வாரா, எம்புட்டு நேரம் தூங்குறா தெரியுமா? வள்ளியும் இவளும் ஒரே பெஞ்சாம். வீட்டுல வந்து வாய் மூடுறதே இல்ல" என்றீர்கள். அப்புறம் சிரிக்காமல் சொன்னீர்கள்: "தெனமும் இந்த வாசல்ல வண்டியத் திருப்புறப்ப ஒங்க புள்ளைக கண்ணாடி வழியா உள்ள பாக்கும் டீச்சர். அது எனக்குப் பொறுக்காது. எம் மக உள்ள ஒக்காந்து பாக்குறதும் பொறுக்காது." நீங்கள் அவ்வளவு வெளிப்படையாக மனசைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

வேன் டிரைவர் மகளே நடந்து போகிறாள் என்றதும் மேலத்தெருவில் இரண்டு மூன்று வீடுகள் யோசித்தன. தலைவர் வீட்டுப் பேத்தி உலக உருண்டையை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அழுது சேர்ந்தாள். எல்லாரும் வந்துவிடவில்லை. வேனில் இன்றைக்கும் கூட்டம்தான். ஆனால் பள்ளியைச் சேர்த்துவிடும் பேச்சு நின்றுபோனது. அலுவலகத்திலிருந்து வந்தவர் சேர்க்கையைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர் மந்திரம் பண்ணீங்க?" என்றார். ஹாரன் அடித்தோம் சார் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

சித்தன்னவாசல் போனோமே, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேன் பிள்ளைகளின் சுற்றுலாவில் காலியாக இருந்த இருக்கைகளில் என் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளத் தாளாளரிடம் நீங்களே போய்க் கேட்டு அனுமதி வாங்கினீர்கள். இதே மாவட்டத்தில் பிறந்து, அதுவரை சித்தன்னவாசலைப் பார்க்காத பிள்ளைகள். குகைக்குள் அண்ணாந்து பார்த்த வள்ளி, "டீச்சர், கொளத்த எதுக்கு மேல வரஞ்சிருக்காங்க? தண்ணி ஊத்திறாதா?" என்று கேட்டாள். நீங்கள் நிதானமாக, "அதான் மக்கா, இங்க யாரையும் குதிக்க விடமாட்டாங்க" என்றீர்கள். வேன் பிள்ளையும் என் பிள்ளையும் கூரையில் இருந்த மீனை யார் முதலில் பார்த்தது என்று திரும்பி வருகிறவரை சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு வந்த சாயந்திரம் போல் சந்தோஷமான சாயந்திரம் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. ஓடி வந்தேன். அழுதேன் பாய், வெட்கமில்லாமல் அழுதேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம். மறுநாள் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்காமல் விட்டதில் பெரிது அதுதான்.

மாரிக்கண்ணு என்னிடம் வந்தாள். "அவங்க வழக்கத்துல நாங்க என்ன கொண்டுட்டுப் போகலாம் டீச்சர்? வெறுங்கையோட எப்புடி அந்த வாசல மிதிக்கிறது?" நான் உங்கள் மைத்துனியிடம் கேட்டேன். துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம், சுற்றத்தார்தான் சோறு கொண்டு வருவார்கள் என்றார். "யாரு குடுத்தாலும் சாப்புடுவோம் டீச்சர்" என்றும் சொன்னார்.

மத்தியானம் கீழத்தெருப் பெண்கள் சோற்றுக் குண்டானையும் சாம்பாரையும் ரசத்தையும் தூக்கிக்கொண்டு மேலத்தெரு வழியாக வந்தார்கள். கொட்டு இல்லை, குலவை இல்லை. குடையைப் பாத்திரத்துக்குப் பிடித்துக்கொண்டு தாங்கள் நனைந்து வந்தார்கள். வாசலில் யாரும் நிறுத்தவில்லை. முன்கதவு வழியாக உள்ளே வந்தார்கள். பந்தலில் துக்கம் விசாரிக்க வந்த மேலத்தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னாள் தலைவரும் இருந்தார். உங்கள் மகளும் வள்ளியும் ஆளுக்கு ஒரு பக்கமாக இலை போட்டுத் தண்ணீர் வைத்துக்கொண்டு வந்தார்கள். மாரிக்கண்ணு பரிமாறினாள்.

ஊர்வலம் வேறு, சோறு வேறு பாய். உங்களுக்குத் தெரியும். தெருவில் கூட நடந்தவர்கள் எல்லாரும் கீழத்தெருச் சோற்றில் கை வைத்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. தலைவர் முன்னால் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் கை மடியிலேயே இருந்தது. பந்தலில் எல்லார் கண்ணும் அவர் மேல்.

அவர் பிசைந்தார். சாப்பிட்டார். தலை நிமிராமல் முழுச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு, இலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்:

"தாயி, அந்த ரசத்த இன்னுங் கொஞ்சம் ஊத்து."

"ஊத்துறேங்க. சூடா இருக்கு, பாத்து" என்றாள் மாரிக்கண்ணு. ஊற்றிவிட்டு என் பக்கம் வந்து கரண்டியைக் காட்டினாள். "சீரு கொண்டாந்தப்பகூட என் கை நடுங்கல டீச்சர். இப்பப் பாருங்க."

துக்க வீடு என்பதையும் மறந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். அறையில் உங்கள் மனைவி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதப் பாக்க அவுக இல்லாமப் போயிட்டாகளே டீச்சர்" என்றார்.

நான் பார்த்தேன் பாய். உங்களுக்கும் சேர்த்துத்தான் பார்த்தேன்.